பச்சைக் காருக்கு இரண்டு ஸ்பிரிங்

ஜனவரி 13, ஞாயிறு

மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுக் கறுப்பு பீன்ஸை ஊற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். பிளைவுட் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எவெலியோ பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான்.

யாரும் யாரையும் சுடவில்லை. எங்கள் பச்சைக் கார் நின்ற இடத்திலேயே முன்னங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துச் சுருள் ஸ்பிரிங் முறிந்து, ஒரு துண்டு சாக்கடையில் கிடந்தது. இத்தனை வருஷம் சான்டா கிளாரா ரோட்டின் பள்ளங்களில் முறியாதது, வேலை வெட்டி இல்லாமல் நிற்கும்போது முறிந்திருக்கிறது.

நானும் என் புருஷன் எவெலியோவும் பிரிந்து மூன்று வருஷம். எங்கள் சியென்ஃபுவேகோஸ் நகரில் இன்னொரு வீடு கிடைப்பதற்கு மறுபடி பிறந்துதான் வரவேண்டும் என்பதால், இருந்த வீட்டையே நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டோம். ஃபிரிட்ஜ் எனக்கு, கட்டில் அவனுக்கு. பிள்ளை இல்லை. காரை மட்டும் அறுக்க முடியவில்லை. திங்கள், புதன், வெள்ளி நான் வாடகைக்கு ஆள் ஏற்றுகிறேன். செவ்வாய், வியாழன், சனி அவன். ஞாயிறு யாருக்கும் இல்லை.

அந்த நாளாகப் பார்த்து முறிந்ததால் யாரைத் திட்டுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

“வெள்ளிக்கிழமை நீ எந்தப் பள்ளத்துல விட்ட?” என்றான்.

“சனிக்கிழமை நீ எந்தப் பள்ளத்த விட்ட?” என்றேன்.

சோறு ஆறிப்போனது.

ஜனவரி 14, திங்கள்

என் நாள். வண்டி இல்லாத என் நாள். வீட்டிலிருந்த எல்லாத் துணியையும் துவைத்தேன், அழுக்காகாததையும்.

ஜனவரி 16, புதன்

இந்த ஊரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் நாலு பேர் மருந்து சொல்வார்கள். கார் படுத்தால் நாற்பது பேர். ரொட்டி வரிசையில் நின்ற கிழவர் ரஷ்ய ஜீப்பின் ஸ்பிரிங் சரியாக வரும் என்றார். வாங்கிப் பார்த்தோம். பானை வாயில் அண்டா மூடியை வைத்த மாதிரி இருந்தது. மீன்கடைக்காரர், லாரி ஸ்பிரிங்கை அறுத்துப் போடலாம் என்றார். நெருப்பு வைத்து அறுத்தால் அதன் முறுக்கு செத்துவிடும் என்று எவெலியோ சொன்னான். அது எனக்கும் தெரியும். அவன் சொன்னதால் தெரியாத மாதிரி நின்றேன்.

பழைய வண்டிகள் உடைக்கிற இடத்தில் எங்கள் காரின் கூடப் பிறந்தது ஒன்று கிடந்தது. கதவு இல்லை, சக்கரம் இல்லை, ஸ்பிரிங் இருந்த இடத்தில் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது.

“ஸ்பிரிங் எங்கண்ணே போச்சு?” என்று கேட்டேன்.

“உனக்கு முன்னால வந்தவன் கொண்டுபோயிட்டான் கண்ணு. கோழி வேணா தரேன்.”

பிரச்சினைக்குக் காரணம் என்ஜின்தான். முன்பு எவெலியோ பழைய பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டிராக்டரின் டீசல் என்ஜினை உள்ளே வைத்தான். எண்ணெய்ச் செலவு பாதியானது. மூக்கில் யானைக்குட்டி உட்கார்ந்தது. அதைச் சுமந்தே அந்த ஸ்பிரிங் செத்தது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல ஏதாவது வேண்டும்.

ஜனவரி 19, சனி

எவெலியோ வெற்றி வீரனாக வந்தான். மூடிப்போன சர்க்கரை ஆலையில் கரும்பு ஏற்றிய டிரெய்லரின் ஸ்பிரிங்குகள், ஒரு ஜோடி. உயரமும் அகலமும் அச்சாகப் பொருந்தின. அவனும் பக்கத்துத் தெரு வெல்டரும் சேர்ந்து மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள்.

கார் இறங்கவில்லை. மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, விமானம் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றது. பானட்டின் மேல் நான் ஏறி உட்கார்ந்தேன். வெல்டரும் ஏறினார். ஒரு விரல்கூட இறங்கவில்லை.

“ஆள் ஏறினா சரியாயிடும்,” என்றான் எவெலியோ.

“எத்தன பேரு? ஊரா?”

ஜனவரி 21, திங்கள்

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சான்டா கிளாராவிலிருந்து திரும்பும்போது ஆறு பேர். பள்ளத்தில் விழுந்தபோதெல்லாம் ஆறு தலையும் கூரையில் ஒரே நேரத்தில் இடித்தன. “அக்கா, இது காரா கழுதையா?” என்று பின்னால் ஒருத்தன். எனக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையை இன் பண்ணிய மெலிந்த மனிதர் ஒருவர், மடியில் பிறந்தநாள் கேக்கோடு உட்கார்ந்திருந்தார். மேலே நீலக் கிரீம், அதில் மஞ்சளில் பெண்டாட்டி பெயர். அட்டைப் பெட்டி கிடையாது. எல்லோரையும் போல ஒரு பலகையில் திறந்தபடி வைத்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார்.

குரூசஸ் ஊர் ரயில் கேட்டில் நான் மெதுவாகத்தான் ஏற்றினேன். சத்தியமாக மெதுவாகத்தான். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது, கார் குதித்தது, கேக் அவருக்கு முன்னால் குதித்தது. இறங்கும்போது அவர் முகத்தில் இறங்கியது.

நான் ஓரமாக நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நீல முகத்தோடு ரோட்டில் மண்டியிட்டு, குனிந்து, காருக்கு அடியில் பார்த்தார்.

“இது ஆலை ஸ்பிரிங்தானே?”

“ஆமாங்க.”

“இந்தக் காருக்கா? ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டிக்கா?” கண்ணிலிருந்து கிரீமை வழித்தார். “இன்னும் ரெண்டு மாசம் ஓட்டுங்க, சேசிஸ் சட்டம் விரிசல் விட்டுடும். இப்பவே வெல்டிங் பிளந்துகிட்டு வருது, பாருங்க.”

பார்த்தேன். பிளந்துதான் இருந்தது.

“எங்கிட்ட இருக்கு,” என்றார். “கம்பெனி போட்டது. ரெண்டும்.”

பின்னால் இருந்தவன் மெதுவாக, “அண்ணே, மூக்குல இருக்கற கிரீம் ரோஜாவ நீங்க தின்னப்போறீங்களா?” என்று கேட்டான்.

ஜனவரி 23, புதன்

அவர் பெயர் பௌலினோ. நகராட்சி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறார். ஸ்பிரிங்கை அலமாரியில் வைத்திருப்பார் என்று நினைத்து எவெலியோவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு கார் நிற்கிறது.

சோபா இல்லை, நாற்காலி இல்லை. எங்கள் காரின் மறு அச்சு, வெண்ணெய் நிறத்தில், முகம் தெரிகிற பளபளப்பில். பதினொரு வருஷம் முன்பு முன்சுவரை இடித்து உள்ளே தள்ளி, மறுபடி சுவர் கட்டியிருக்கிறார்கள். பௌலினோ பின்கதவைத் திறந்து, “உக்காருங்க,” என்றார். விருந்தாளிகள் அங்கேதான் உட்கார வேண்டும். அவர் மனைவி மிக்டாலியா ஜன்னல் வழியாகக் காப்பி நீட்டினார். நேரே பார்த்தால் ஸ்டியரிங், அதற்கப்பால் சுவர்.

“என்ஜின் இருக்கா?” எவெலியோ கேட்டான்.

“அது ஒண்ணுதான் இல்ல,” என்றார் பௌலினோ.

என்ஜின் பாரமே தாங்காமல் நிற்கிற ஸ்பிரிங். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தது. நான் கேட்டேன். தரமாட்டேன் என்றார். இன்னொரு முறை கேட்டேன். “ஸ்பிரிங்க கழட்டினா கார் உக்காந்துடும்மா. உக்காந்த காரப் பாத்துகிட்டு நான் எப்படி வாசிக்கிறது?” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் காரை அப்படியே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அந்த டீசல் என்ஜினை இதில் வைக்க வேண்டுமாம்.

நான் சிரித்தேன். எவெலியோ சிரிக்கவில்லை.

ஜனவரி 24, வியாழன்

விற்றுவிடலாம் என்கிறான்.

முதுகு வலியாம். மட்டான்சாஸில் அவன் அக்கா சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடுகிறாள், கூடமாட இருக்கக் கூப்பிடுகிறாளாம். வண்டியை விற்றால் ஆளுக்குப் பாதி, நிம்மதி. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

எவ்வளவு சுலுவா சொல்றான். பாதிய வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? பாதி ஸ்டியரிங் புடிச்சுகிட்டு தெருவுல நடக்கறதா? மறுபடியும் சினிமாக் கொட்டாய்ல டார்ச் அடிச்சு சீட்டு காட்டணுமா நானு? நாப்பத்து மூணு வயசுல ஓட்டக் கத்துகிட்டேன். இவன் கத்துக் குடுக்கல. என் சித்தி மகன் பஸ் டிரைவர், அவன்கிட்ட போயி, திட்டு வாங்கி, கேட்டுல இடிச்சு... இந்த ஊர்ல சான்டா கிளாரா ரோட்டுல ஆள் ஏத்தற பொம்பள யாருன்னு கேளு, ஒரு பேருதான் சொல்லுவாங்க. அது இவனுக்குத் தெரியாதா?

தெரியும். தெரிஞ்சுதான் சுவருக்குப் பின்னால நின்னான்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பிப்ரவரி பதினைந்துக்குள் வண்டியைப் பழையபடி ஓடவைத்தால் விற்பனைப் பேச்சு இல்லை. இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜனவரி 27, ஞாயிறு

காலையில் மிக்டாலியா வந்தார். கேக்குக்குச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து முதலிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

“அத விடு. அவர் முகத்துல இருந்து வழிச்சுத் தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார். “நான் வந்தது வேற விஷயம். உன் கார வித்துடாத.”

“ஏன்க்கா?”

“உன்னது வந்தா எங்க நிக்கும்? முன்னறை போயிடுச்சு. அடுத்தது படுக்கையறைதான். கட்டில எடுத்துட்டு பின்சீட்டுல படும்பாரு.”

மரவள்ளிக்கிழங்கு வேகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். போகிற நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, உண்மையான விஷயத்தைச் சொன்னார்.

“அந்த மனுஷனுக்கு ஓட்டத் தெரியாது, ஓடாலிஸ்.”

“லைசென்ஸ் இருக்குன்னாரே.”

“இருக்கு. பட்டாளத்துல பேண்டு வாசிச்சவங்க அத்தன பேருக்கும் மொத்தமா குடுத்தாங்க. ஒழுங்கா புதுப்பிச்சு பிளாஸ்டிக் உறையில வெச்சிருக்காரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு வண்டிய அரை தெரு நகத்தினதில்ல. பயம். என்ஜின் கிடைக்கலங்கறது சும்மா. கிடைச்சிடுமோன்னுதான் பயம்.”

ஜனவரி 28, திங்கள்

பேண்டு ஒத்திகை முடிந்து அவர் வெளியே வரும்வரை காத்திருந்தேன். சுற்றி வளைக்கவில்லை. ஸ்பிரிங்கைக் கொடுங்கள், ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்றேன்.

அவருடைய காது சிவந்தது. மிக்டாலியாவைத் திட்டி ஏதோ முணுமுணுத்தார். பிறகு கிளாரினெட் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“யாரும் பாக்காத எடமா இருக்கணும்.”

“சரி.”

“சிரிக்கக் கூடாது.”

“அது என் கையில இல்ல,” என்றேன். அவரே முதலில் சிரித்தார்.

பிப்ரவரி 3, ஞாயிறு

பேஸ்பால் மைதானத்துக்குப் பின்னால் உள்ள பொட்டல். பௌலினோ வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. ஸ்டியரிங்கைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி பிடித்தார். கிளட்சை விட்டார். கார் தவளையாகி மூன்று முறை தாவி நின்றது. ஆலை ஸ்பிரிங் வேறு. இருவர் தலையும் கூரையில்.

ஒரு மணி நேரம் தவளைதான். என் பொறுமை தீர்ந்துகொண்டே வந்தது. “மெதுவா விடுங்க” என்றால் அவருக்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியவில்லை. அப்போதுதான் தோன்றியது.

“அண்ணே, நாலு தாளம் எண்ணுங்க. ஒண்ணுல மிதிங்க. ரெண்டுல கியர். மூணுல விட ஆரம்பிங்க, நாலுல முழுசா விடுங்க.”

“எந்த வேகத்துல? நடைக்கா, நடனத்துக்கா?”

“சவ ஊர்வலத்துக்கு.”

உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே விட்டார். கார் நழுவியது. சத்தமே இல்லாமல், எண்ணெயில் போகிற மாதிரி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வேலி எங்களை நிறுத்தியது. பம்பரில் ஒரு நெளிசல்.

பிப்ரவரி 5, செவ்வாய்

“ஞாயித்துக்கிழமை வெள்ளச் சட்டக்காரனோட எங்க போன?” என்று சுவர் கேட்டது. “சவ ஊர்வலத்துக்கு,” என்றேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

பௌலினோ இன்று குரூசஸ் வரை ஓட்டினார். எதிரில் லாரி வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “பாட்டு முடியல, கண்ணத் தொறங்க,” என்றேன். ரயில் கேட்டில் அவராகவே நிறுத்தி, இறங்கி, தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பும்போது நகரப் பூங்காவைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கலாமா என்று கேட்டார். யாரும் பார்க்கக் கூடாது என்றவர். பேண்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார்கள். ஒரு வட்டம் நான்கு வட்டமானது. ஹாரன் அடித்ததை எண்ணவில்லை.

வீட்டு வாசலில் இறங்கி, “செவ்வாக்கிழமை வந்து கழட்டிக்கோ தங்கச்சி,” என்றார்.

பிப்ரவரி 12, செவ்வாய்

நானும் வெல்டரும் அவருடைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டோம். அவருடைய கார் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று ஆலை ஸ்பிரிங்குகளை அதில் மாட்டினோம். என்ஜின் இல்லாத மூக்கு ஜன்னல் உயரத்துக்கு எழும்பிவிட்டது. பௌலினோ உள்ளே ஏறி உட்கார்ந்தார். இவ்வளவு காலம் சுவரைப் பார்த்தவருக்கு இப்போது தெரு தெரிகிறது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“போச்சு,” என்றார் மிக்டாலியா. “இனி சாப்பாடும் அங்கதான்.”

பிப்ரவரி 14, வியாழன்

காதலர் தினம். தெரு முழுக்க ரோஜாவும் கையுமாக ஆட்கள். எங்கள் வாசலில் ஜாக்கி, சங்கிலி, இரண்டு ஸ்பிரிங்.

வெல்டருக்குப் பெண்டாட்டியோடு வெளியே போகணுமாம். நானே தனியாக மாட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முறுக்கேறிய ஸ்பிரிங்கை அமுக்கி உள்ளே உட்காரவைப்பது தனி ஆள் வேலை இல்லை. சங்கிலி நழுவினால் அது பாய்கிற இடத்தில் முகம் இருந்தால், முகம் இருக்காது. எவெலியோ கொஞ்ச நேரம் தன் வாசலில் நின்று பார்த்தான். வண்டி ஓடாமல் போனால் அவனுக்குத்தான் லாபம். நாளைக்குக் கெடு.

சட்டையைக் கழற்றிவிட்டு வந்து காருக்கு அடியில் படுத்தான்.

“ஜாக்கிய நீ புடி,” என்றான். “நான் சொன்னா மட்டும் ஏத்து.”

டீசல் என்ஜின் பாரத்துக்காக, டிராக்டர் டயரை வட்டமாக வெட்டி, ஸ்பிரிங்கின் தலைக்கு ஒரு ரப்பர் வளையம் அவனே செய்து வைத்திருந்தான். எப்போது வெட்டினான்? கேட்டால் சொல்லமாட்டான். சங்கிலியைச் சுற்றினான். நான் ஜாக்கியை ஏற்றினேன். “இன்னும்.” ஏற்றினேன். “இன்னும் துளி.” கம்பி முனகியது. அவன் விரல்கள் சுருளுக்குள்ளே இருந்தன. ஜாக்கியின் பிடி என் கையில். மூன்று வருஷமாக இந்த ஆளைக் கொல்லலாம் போல எத்தனை முறை நினைத்திருப்பேன். இன்று அவன் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

“போதும்,” என்றேன் நான்.

“நான்தான சொல்லணும்?”

“விரல எடு எவெலியோ. போதும்.”

எடுத்தான். ஸ்பிரிங் டக்கென்று தன் கிண்ணத்தில் உட்கார்ந்தது. அவன் விரல் இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. இருவரும் அதையே பார்த்தோம்.

“நல்ல நேரத்துல சொன்ன,” என்றான் அடியிலிருந்து. “எப்பவும் இதே சொல்லுதான். மூணு வருஷம் முன்னாடியும் போதும்னுதான் சொன்ன.”

“அப்பவும் நல்ல நேரந்தான்,” என்றேன்.

படுத்தபடியே சிரித்தான். வயிறு குலுங்கியது. அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று. எதிர் வீட்டுக்காரி ரோஜாவோடு வந்து, “காதலர் தினத்துக்கு இதுவும் ஒரு வேல,” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். இன்னொரு பக்கமும் மாட்டி முடித்தோம். ஜாக்கியை இறக்கினேன். பச்சை இறங்கியது, ஒரு பெருமூச்சு விட்டது, சமமாக நின்றது.

பிப்ரவரி 15, வெள்ளி

ஆறு பேர். ஒரு தலைகூட இடிக்கவில்லை. பின்சீட்டில் ஒரு பாட்டுக்காரப் பையன் தூங்கிப்போனான்.

பிப்ரவரி 20, புதன்

எவெலியோ மட்டான்சாஸ் போகிறான். விற்கச் சொல்லவில்லை. “அக்கா தனியா கஷ்டப்படறா,” என்றான். முதுகு வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

“வண்டில உன் பாதி?”

“ஓட்டு. நான் திரும்பி வந்தா என் நாள குடு. வரலன்னா...” அங்கேயே நிறுத்திவிட்டு, சுவரில் ஆணி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

பஸ் நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பள்ளத்தைக் கண்டால் வேண்டுமென்றே ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, காதைச் சாய்த்துக் கேட்டான். இறங்கும்போது பானட்டைத் தட்டினான். என்னைத் தட்டவில்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கினான்.

மார்ச் 10, ஞாயிறு

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருமலாவது இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பௌலினோ இன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி ஓட்டுகிறார். முதல் நாள். ஒத்திகைக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். உள்ளூரப் பயந்துகொண்டுதான் அனுப்பினேன். சாயங்காலம் வண்டி முழுசாக வந்தது, அவரும். பயணிகள் எல்லோரும் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

மிக்டாலியா அந்த நேரத்தில் தோழிகளைக் கூப்பிட்டு முன்னறைக் காரில் சீட்டாடினாராம். நானும் போயிருந்தேன். தோற்றேன்.

மே 7, செவ்வாய்

பக்கத்து வீட்டு போனுக்கு மட்டான்சாஸிலிருந்து கூப்பிட்டான். ஈரக் கையோடு ஓடினேன்.

அங்கே நல்ல மழையாம். ஒரு இத்தாலிக்காரர் அறையில் பல்செட்டை விட்டுப் போய்விட்டாராம், அவரைத் தேடி அக்கா ஊரெல்லாம் ஆள் அனுப்பியிருக்கிறாளாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “வண்டி எப்படி இருக்கு?” என்றான்.

“வண்டி நல்லா இருக்கு. நானும் நல்லா இருக்கேன்.”

“நான் வண்டியத்தான கேட்டேன்.”

“தெரியும். நீ கேக்காததுக்கும் சேத்துதான் சொன்னேன்.”

அவன் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. என் பக்கம், போன்காரி தட்டு கழுவுகிற சத்தம். ஏதாவது சொல்லுவான் என்று நின்றேன். அவனும் அதற்காகத்தான் நின்றான் போல. ரொம்ப நேரம் இருவருமே போனை வைக்கவில்லை.